பாரிஸின் தீர்ப்பும் முப்பது வருடக் காத்திருப்பும்

பத்திரிகை அலுவலகமொன்றுக்கு நாள்தோறும் வந்துசேரும் அழைப்பிதழ்களுள் பெரும்பாலானவை கவனிப்பாரற்றுக் கிடந்து குப்பைக்கூடைக்குப் போகின்றன. முடிவு முன்கூட்டியே தெரிந்த நிகழ்வொன்றுக்கு எந்தச் செய்தி ஆசிரியரும் நிருபரை அனுப்ப விரும்புவதில்லை. 1976ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி பாரிஸ் நகரின் இன்டர்கொன்டினென்டல் ஹொட்டேலில் நடைபெற்ற வைன் சுவைப்பு நிகழ்வும் அத்தகையதொன்றாகவே கருதப்பட்டது. பிரான்ஸின் புகழ்பெற்ற வைன்கள் சிலவற்றையும் அமெரிக்காவின் கலிபோர்னிய வைன்கள் சிலவற்றையும் பிரெஞ்சு நிபுணர்கள் சுவைத்துப் புள்ளியிடப் போகிறார்கள். பிரான்ஸ் வெல்லப் போகிறது. இதில் செய்தி என்ன இருக்கிறது? பாரிஸ் பத்திரிகைகள் அவ்வாறுதான் எண்ணின. அழைக்கப்பட்ட பத்திரிகையாளர்களுள் நேரில் சென்றவர் ஒரேயொருவர். அவர் 'டைம்' சஞ்சிகையின் பாரிஸ் செய்தியாளர் ஜோர்ஜ் டேபர்.

டேபருக்கு அன்று வேறு பெரிய வேலை இருக்கவில்லை. அத்தோடு நிகழ்வை ஏற்பாடு செய்தவர்கள் நடத்திய வைன் பாடசாலையில் அவர் முன்னர் பயின்றிருந்தார். அவர் எழுதிய செய்தி 1976 ஜூன் 7ஆம் திகதிய இதழில் வெளியாயிற்று. மொத்தம் நான்கே பந்திகள். அந்த நான்கு பந்திகள் உலக வைன் வாணிபத்தின் போக்கையே மாற்றிவிட்டன என்று இன்றும் எழுதுகிறார்கள்.

கிரேக்கப் புராணத்திலே ட்ரோய் நகரத்து இளவரசன் பாரிஸ், மூன்று தேவதைகளுள் பேரழகி யார் எனத் தீர்ப்பளித்தான். அத்தீர்ப்பே பெரும் போருக்கு வித்தானது. அந்தக் கதையை நினைவூட்டும் வகையில் 'பாரிஸின் தீர்ப்பு' என்று அச்செய்திக்குத் தலைப்பிடப்பட்டது. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

இக்கதையின் முதற் பாகத்தைப் பலரும் அறிவர். என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இரண்டாம் பாகம். அது முடிவதற்கு முப்பது வருடங்கள் பிடித்தன.

பெயர் மறைத்த போத்தல்கள்

நிகழ்வின் சூத்திரதாரி ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர். பாரிஸில் வைன் கடை நடத்திய அவர், 1973இல் 'அகாதெமி டு வன்' என்னும் வைன் பாடசாலையையும் தொடங்கினார். அங்கு அவரோடு பணியாற்றிய பட்ரீஷியா கலகர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அமெரிக்க சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டில் கலிபோர்னிய வைன்களைப் பாரிஸுக்கு அறிமுகம் செய்யலாமே என்ற எண்ணம் அவரிடமிருந்தே முளைத்தது. பிரான்ஸில் சுற்றுப்பயணம் மேற்கொள்ளவிருந்த கலிபோர்னிய வைன் துறையினர் குழுவொன்று அந்தப் போத்தல்களைத் தம் பயணப் பொதிகளோடு சுமந்து வந்தது.

நடுவர்கள் ஒன்பது பேர். ஒன்பதின்மரும் பிரான்ஸ் நாட்டவர். அத்துறையின் உச்சியில் இருந்தவர்கள். பேர்கண்டியின் புகழ்பெற்ற ரொமனே-கொன்ட்டி தோட்டத்தின் ஓபேர் டு விலேன், போர்தோவின் ஷத்தோ ஜிஸ்கூர் உரிமையாளர் பியர் தாரி, 'லா ரெவ்யூ டு வன் டு பிரான்ஸ்' சஞ்சிகையின் ஆசிரியை ஓடெத் கான், 'தூர் தார்ஜோன்' உணவகத்தின் வைன் பொறுப்பாளர் கிறிஸ்டியன் வனெக்கே ஆகியோர் அவர்களுட் சிலர்.

ஒப்பீட்டுக்காகச் சில பிரெஞ்சு வைன்களும் சேர்க்கப்பட்டுள்ளன, பெயர் தெரியாமற் சுவைக்கச் சம்மதமா என்று ஸ்பரியர் தொடங்குவதற்குச் சற்று முன்னர் கேட்டார். எவரும் மறுக்கவில்லை. போத்தலின் வடிவத்தைக் கொண்டே நாட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் வைன்கள் அடையாளமற்ற வேறு போத்தல்களுக்கு மாற்றப்பட்டிருந்தன. நிறம், மணம், சுவை, இவற்றின் இசைவு ஆகிய நான்கையும் கருதி ஒவ்வொரு வைனுக்கும் இருபதுக்குப் புள்ளியிட வேண்டும்.

முதலில் வெள்ளை வைன்கள். அவற்றில் கலிபோர்னியாவின் ஷத்தோ மொன்டெலீனா முதலிடம் பெற்றது. இம்முடிவு சிவப்பு வைன்களைச் சுவைக்கும் முன்னரே அறிவிக்கப்பட்டுவிட்டது. நடுவர்கள் அதிர்ந்தனர், அடுத்த சுற்றில் பிரான்ஸை விட்டுக்கொடுப்பதில்லை என்ற எச்சரிக்கையோடு அமர்ந்தனர். எந்தக் குவளையில் எது இருக்கிறது என்ற பட்டியல் டேபரின் கையில் இருந்தது. கலிபோர்னிய வைனைப் பிரான்ஸினது என்று மெச்சியும், பிரான்ஸின் வைனைக் கலிபோர்னியாவினது என்று ஒதுக்கியும் நடுவர்கள் பேசியதை அவர் காதாரக் கேட்டார். பட்டியல் இல்லாத இன்னொரு நிருபர் அங்கிருந்திருந்தால் அந்தப் பேச்சின் பொருள் விளங்கியிருக்காது.

சிவப்பு வைன்கள் பத்து. பிரான்ஸின் நான்கும் போர்தோ பிரதேசத்தவை: மூட்டோன் ரொத்ஷீல்ட் 1970, ஓ-பிரியோன் 1970, மொன்ரோஸ் 1970, லெயோவில் லா காஸ் 1971. கலிபோர்னியாவின் ஆறும் போர்தோவின் தலையாய இனமான கபர்னே சோவின்யோன் திராட்சையைக் கொண்டு, போர்தோவைப் பார்த்துப் பயின்ற முறையில் செய்யப்பட்டவை. ஈழத்தில் நாம் முந்திரிகை என்று வழங்கும் அதே பழந்தான். ஆனால் இந்த இனத்தின் மணி சிறியது, தோல் தடித்தது, துவர்ப்பு மிக்கது.

முதலிடம் பெற்றது நாபா பள்ளத்தாக்கின் ஸ்டாக்ஸ் லீப் 1973. புள்ளிகள் 127.5. இரண்டாவது மூட்டோன், 126. வென்ற வைனின் திராட்சைக் கொடிகளுக்கு அறுவடையின்போது வயது மூன்றே வருடங்கள். அதைச் செய்த வொரன் வினியார்ஸ்கி, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்துவிட்டு வைன் செய்யப் போனவர். முடிவு தெரிந்ததும் ஓடெத் கான் தமது புள்ளித்தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை.

1855இன் பட்டியல்

இதில் இத்தனை அதிர்ச்சி ஏன் என்பதை விளங்கிக்கொள்ள நூற்றியிருபது வருடங்கள் பின்னே போகவேண்டும். 1855இல் பாரிஸில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், போர்தோ வைன்களின் தரப்பட்டியல் ஒன்று கோரப்பட்டது. அந்நகரின் வைன் தரகர்கள் அதைத் தயாரித்தனர். அதற்காக அவர்கள் ஒரு சுவைப்புப் போட்டி நடத்தவில்லை. பல்லாண்டுகளாக எந்தத் தோட்டத்து வைன் என்ன விலைக்குப் போயிற்று என்ற கணக்கே அவர்களின் அளவுகோல். அதன்படி சிவப்பு வைன் தோட்டங்கள் ஐந்து தரங்களாக வகுக்கப்பட்டன. முதல் தரத்தில் லபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு மாத்திரமே இடம்பெற்றன.

விலையால் தரம் வந்தது. பின்னர் அந்தத் தரமே விலையைத் தாங்கி நின்றது. பட்டியலில் மேல்நோக்கிய மாற்றம் ஒரேயொரு தடவைதான் நிகழ்ந்தது. 1973இல் அப்போதைய விவசாய அமைச்சர் ஜாக் சிராக்கின் கையொப்பத்தோடு மூட்டோன் ரொத்ஷீல்ட் இரண்டாந் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பாரிஸில் சுவைக்கப்பட்ட மூட்டோன் 1970ஆம் ஆண்டின் அறுவடை. பழம் பறிக்கப்பட்ட வேளையில் அது இரண்டாந் தர வைன். நடுவர்களின் மேசைக்கு வந்தபோது முதல் தர வைன். போத்தலுக்குள் இருந்த வைனுக்கு அமைச்சரின் கையொப்பம் தெரியாது.

மறுபுறத்தில் கலிபோர்னியாவுக்கு அறுந்துபோன ஒரு மரபுதான் இருந்தது. அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நல்ல தோட்டங்கள் தோன்றியிருந்தன. ஆனால் 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் நடைமுறையிலிருந்த மதுவிலக்கு அவற்றைச் சிதைத்துவிட்டது. கொடிகள் பிடுங்கப்பட்டன, நிலவறைகள் மூடப்பட்டன, கைத்தேர்ச்சி உள்ளவர்கள் சிதறிப் போயினர். 1976இல் பாரிஸுக்கு வந்த வைன்களைச் செய்தவர்கள் பெரும்பாலும் அத்தொழிலுக்குப் புதியவர்களே.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்னும் வேருண்ணிப் பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அப்பூச்சியைத் தாங்கக்கூடிய அமெரிக்க வேரடிகளில் பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டியே தோட்டங்கள் மீட்கப்பட்டன. ஆகவே போர்தோவின் பெருமைமிகு கொடிகள் அமெரிக்க வேரில் நிற்கின்றன. கலிபோர்னியாவின் கபர்னேயோ பிரான்ஸிலிருந்து சென்ற வித்து. எது யாருடையது என்ற சண்டை இந்தப் பின்னணியில்தான் நடந்தது.

"பத்து வருடம் பொறுங்கள்"

பிரெஞ்சுப் பத்திரிகைகள் முதலில் மௌனம் காத்தன. மாதங்கள் கழித்து 'ல பிகாரோ'வும் பின்னர் 'ல மொன்ட்'டும் எழுதியபோது முடிவை எள்ளி நகையாடின. ஆனால் அறிவார்ந்த மறுப்பொன்றும் எழுந்தது. அதைக் கேலியாகக் கருத முடியாது.

போர்தோவின் சிறந்த சிவப்பு வைன் இளமையில் குடிப்பதற்கானதன்று என்பதே அந்த மறுப்பு. ஆறு வயதில் அது இறுகிய முகத்தோடு, வாயைக் கட்டும் துவர்ப்போடு இருக்கும். கலிபோர்னிய வைன் வெயிலில் கனிந்த பழத்தின் இனிமையால் ஆரம்பத்திலேயே ஆளை மயக்கும். பின்னர் விரைவில் தளர்ந்துவிடும். 1976இல் வென்றது இளமையின் பகட்டு. பத்து வருடமோ முப்பது வருடமோ பொறுத்திருந்து இதே போத்தல்களைத் திறந்து பாருங்கள், அப்போது தெரியும் என்றனர்.

இதன் நியாயம் விளங்க, முதிர்ந்த வைன் என்றால் என்ன என்பதை அறிய வேண்டும். நம்மவருக்குக் கள் தெரியும். காலையில் இறக்கியது மாலையில் புளித்துவிடும். மரப்பீப்பாயில் கிடந்து பதப்படும் தென்னஞ் சாராயமும் தெரியும். ஆனால் போத்தலில் அடைத்த பின்னரும் பல தசாப்தங்களுக்கு மெல்ல மெல்ல மாறிக்கொண்டேயிருக்கும் பானம் நமது பழக்கத்தில் இல்லை.

சிவப்பு வைனின் நிறம் பழத்தோலிலிருந்து வருகிறது. துவர்ப்பைத் தரும் டனின்கள் தோலிலும் விதையிலும் இருக்கின்றன. மரப்பீப்பாயிலிருந்தும் சிறிது சேரும். காலப்போக்கில் இந்த நிறப்பொருள்களும் டனின்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. அதனாலேயே பழைய வைனின் ஊதாச் சிவப்பு மங்கி, விளிம்பில் செங்கல் நிறம் தோன்றுகிறது. துவர்ப்பு மென்மையடைகிறது. பழத்தின் மணம் பின்வாங்க, தேவதாரு மரம், புகையிலை, தோல், ஈரமான காட்டுமண் ஆகியவற்றின் மணங்கள் எழுகின்றன. புளிப்பு மாத்திரம் ஏறக்குறைய அப்படியே நின்று, வைனின் முதுகெலும்பாக அதைத் தாங்குகிறது. புளிப்பும் துவர்ப்பும் பழச்சுவையும் தொடக்கத்திலேயே அளவோடு அமையாவிட்டால் எத்தனை வருடம் வைத்தாலும் பயனில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் பாரிஸ் சென்றிருந்தபோது, இருபது வருடங்களாக அங்குள்ள உணவகமொன்றில் வேலை செய்யும் என் மருமகன் எனக்காக ஒரு போத்தலைத் திறந்தான். அவனது நீண்ட சேவைக்காக முதலாளி அன்பளித்த, இருபத்தைந்து வயதான போர்தோ வைன். இரண்டு நாட்கள் நிறுத்தி வைத்து வண்டலை அடியில் படியச் செய்திருந்தான். மெழுகுதிரி வெளிச்சத்தில் போத்தலின் கழுத்தைப் பார்த்தவாறு மெதுவாக வேறொரு கண்ணாடிச் சாடிக்கு ஊற்றினான். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டான். குவளையை வெள்ளை மேசைவிரிப்பின் மீது சரித்து விளிம்பின் நிறத்தைக் காட்டினான்.

"உடனே குடியாதேங்கோ மாமா. முதல் மணந்து பாருங்கோ. பிறகு வாய்க்குள்ள கொஞ்ச நேரம் வைச்சிருங்கோ" என்றான்.

மணந்து பார்த்தேன். சிறுவயதில் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டிலுக்குள் நுழையும்போது மூக்கில் அடித்த பதப்படுத்திய புகையிலையின் வாசம் அதில் இருந்தது. நாவில் முதலில் புளிப்பு; பின்னர் மெல்லிய துவர்ப்பு; விழுங்கிய பின்னரும் நெடுநேரம் சுவை நின்றது. அரைமணி நேரத்தில் மணம் விரிந்தது. ஒன்றரை மணி நேரத்தின் பின்னர் வெறும் புளிப்பே எஞ்சியது.

"பழசெல்லாம் திறமெண்டு இல்லை மாமா. கனக்கப் போத்தல் உள்ளுக்கையே செத்துப் போயிடும். திறந்தாத்தான் தெரியும்" என்றான் அவன்.

வைனை மதிப்பிடுவோர் தேடுவது இதைத்தான். நிறம் உயிரோடு இருக்கிறதா, மணம் குவளையில் வளர்கிறதா, துவர்ப்பு கரைந்த பின்னரும் பழத்தின் நினைவு மிஞ்சியிருக்கிறதா, விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்றே பார்க்கிறார்கள். இவற்றுள் எதையும் போத்தலின் லேபல் சொல்வதில்லை.

மீண்டும் மீண்டும் திறக்கப்பட்டவை

பொறுத்திருங்கள் என்று சொன்னவர்களின் வாதம் சோதிக்கப்பட்டது. 1978 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் அதே வைன்கள் பெயர் மறைத்துச் சுவைக்கப்பட்டபோது முதல் மூன்று இடங்களும் கலிபோர்னியாவுக்கே போயின. இரண்டு வருட இடைவெளி எதையும் நிரூபிக்காது என்று அதை ஒதுக்கிவிடலாம்.

1986இல் நியூயோர்க்கின் பிரெஞ்சுச் சமையற்கலை நிறுவனத்தில் நடந்த பத்தாண்டு நிறைவுச் சுவைப்பு இன்னும் சுவாரசியமானது. பாரிஸில் எட்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட குளோ டு வால் 1972 அங்கு முதலிடம் பெற்றது. பாரிஸில் ஐந்தாவதாக வந்த ரிட்ஜ் மொன்டே பெல்லோ 1971 இரண்டாவது. அதே வருடம் 'வைன் ஸ்பெக்டேட்டர்' சஞ்சிகை நடத்திய சுவைப்பில் பாரிஸின் ஒன்பதாவதான ஹைட்ஸ் 1970 முதலிடத்துக்கு வந்தது.

2006 மே 24ஆம் திகதி, சரியாக முப்பது வருடங்களின் பின்னர், நாபாவிலும் இலண்டனிலும் ஒரே நாளில் அதே பத்துச் சிவப்பு வைன்கள் திறக்கப்பட்டன. ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது நடுவர்கள். இலண்டன் நடுவர்களுள் மைக்கல் புரோட்பென்ட், ஹியூ ஜோன்சன், ஜான்சிஸ் றொபின்சன் ஆகியோர் இருந்தனர். போர்தோவின் பழைய வைன்களை நாவாலறிந்தவர்கள் என்ற வகையில் அவர்களுக்கு நிகரானோர் சிலரே.

இரு நகரங்களின் புள்ளிகளும் கூட்டப்பட்டபோது முதலிடம் ரிட்ஜ் மொன்டே பெல்லோ 1971க்குக் கிடைத்தது. இரண்டாவதான ஸ்டாக்ஸ் லீப்பை விட 18 புள்ளிகள் அதிகம். மூன்றாம் இடத்தை மயகாமஸ் 1971, ஹைட்ஸ் 1970 ஆகிய இரண்டும் பகிர்ந்தன. ஐந்தாவது குளோ டு வால். முதல் ஐந்தும் கலிபோர்னியா. ஆறாவதாக, குளோ டு வாலை விட ஒரேயொரு புள்ளி குறைவாக, மூட்டோன் ரொத்ஷீல்ட் வந்தது.

ரிட்ஜ் தோட்டம் நாபாவில் இல்லை. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, சான்டா குரூஸ் மலைத்தொடரின் உச்சியை ஒட்டிய குளிர்ந்த சரிவுகளில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி, மதுவிலக்குக் காலத்தில் கைவிடப்பட்ட தோட்டம் அது. 1959இல் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துப் பொறியியலாளர் சிலர் சேர்ந்து அதை வாங்கினர். 1969இல் அங்கு வைன் செய்ய வந்த போல் டிரேப்பர் பல்கலைக்கழகத்தில் பயின்றது மெய்யியல். பழத்தை அதிகம் கனியவிடாமல், மலைக்குளிரின் புளிப்பைக் காத்து, நின்று நிதானமாக முதிரக்கூடிய வைன் ஒன்றையே அவர் செய்தார். 1976இல் அது நடுவர்களின் கண்ணில் பெரிதாகப் படவில்லை. துவர்ப்பும் புளிப்பும் கொண்ட இளம் வைன் வேறெப்படிப் பட்டிருக்கும்? பிரெஞ்சுக்காரர் தமது வைனுக்காகக் கேட்ட பொறுமை, ரிட்ஜுக்கும் தேவையாயிருந்தது.

புள்ளிகள் எவ்வளவு நம்பகமானவை?

இந்த இடத்தில் நிதானம் தேவை. அமெரிக்கா வென்றது, பிரான்ஸ் தோற்றது என்று கூவுவது எளிது. அது சரியான வாசிப்பன்று. பாரிஸில் பிரான்ஸின் வைன்கள் நான்கு, கலிபோர்னியாவினது ஆறு. ஒன்பது நடுவர்கள் இருபதுக்கு வழங்கிய புள்ளிகளின் உச்சத்தொகை 180. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையிலிருந்த வித்தியாசம் 1.5. அதாவது நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. ஒரே நடுவர் ஒரு வைனுக்கு இரண்டு புள்ளி கூட்டியிருந்தால் வரலாறு வேறு.

நாவின் தீர்ப்பும் நாம் நினைப்பது போல் உறுதியானதன்று. வெள்ளை வைனுக்கு மணமற்ற சிவப்புச் சாயமூட்டிக் கொடுத்தபோது, போர்தோவின் வைனியல் மாணவர்கள் 54 பேர் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் அதன் மணத்தை வருணித்தார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கலிபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரே போத்தலின் வைனை நடுவர்களுக்கு மூன்று தடவை தெரியாமற் கொடுத்துச் சோதித்தார் றொபர்ட் ஹொட்சன். ஏறத்தாழப் பத்திலொரு நடுவரே தமது தீர்ப்பில் நிலையாக நின்றார் என்று 2008இல் அவர் எழுதினார்.

அப்படியானால் இந்தச் சுவைப்புகள் எதைத்தான் நிரூபித்தன? எந்த வைன் முதலாவது என்பதை அவை நிரூபிக்கவில்லை. முதலிடம் எப்போதும் ஒரே வைனிடம் நிற்கவில்லை. ஆனால் நடுவர் மாறியும், நகரம் மாறியும், வருடம் மாறியும் ஒன்று மாறவில்லை. பெயர் தெரியாதபோது கலிபோர்னியாவின் சிறந்த வைனைப் போர்தோவின் சிறந்த வைனுக்குக் கீழே வைக்க எந்த நடுவர் குழுவாலும் முடியவில்லை. முப்பது வருட முதுமையிலும் முடியவில்லை.

பெயர் வாங்கித் தரும் பொறுமை

நான் சிறுகதைப் போட்டிகள் சிலவற்றுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். ஒரு தடவை பிரதிகளிலிருந்து பெயர்களை நீக்கி இலக்கமிட்டுத் தந்தார்கள். முடிவில் முதலிடம் பெற்றவர் மலையகத் தோட்டப் பாடசாலையொன்றின் இளம் ஆசிரியை. எங்கள் எவருக்கும் அவரைத் தெரியாது. நன்கறியப்பட்ட மூத்த எழுத்தாளர் ஒருவரின் கதை முதல் பத்துக்குள்ளும் வரவில்லை. என்னோடிருந்த நடுவர் ஒருவர், "அவருடையது என்று தெரிந்திருந்தால் இன்னொருமுறை வாசித்திருப்பேனே" என்றார்.

அவர் சொன்னதில் கள்ளமில்லை. பெயர் செய்வது அதைத்தான். புகழ்பெற்ற பெயர் நமக்குச் சுவையைத் தருவதில்லை, பொறுமையைத் தருகிறது. முதல் வாசிப்பில் பிடிபடாத கதையை இரண்டாந் தடவை வாசிக்கிறோம். வாயைக் கட்டும் இளம் வைனை, இது மூட்டோன் அல்லவா, நாளை கனியும் என்று நிலவறையில் வைத்துக் காக்கிறோம். பெயரற்றதை முதல் மிடறிலேயே தீர்த்துவிடுகிறோம். 1855இன் பட்டியலில் இடம்பெற்ற தோட்டங்களுக்கு மற்றெவருக்கும் கிட்டாத செல்வமாக இந்தப் பொறுமை கிடைத்திருந்தது. கடினமான வைனைச் செய்து, வாங்குவோரைக் காத்திருக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

எனவே என் பார்வையில் 1976ஐக் காட்டிலும் 2006 பெரியது. 1976 பெயரை மறைத்தது. 2006 எல்லோருக்கும் ஒரே அளவு காலத்தைக் கொடுத்தது. பெயரை மறைப்பது மட்டும் நீதியாகாது. அறியப்படாதவனுக்கும் அறியப்பட்டவனுக்குக் கொடுக்கும் அதே அவகாசத்தைக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சு விமர்சகர்கள் முன்வைத்த நிபந்தனை நியாயமானது. அந்த நிபந்தனை நிறைவேறியபோது, அதனால் அதிகம் பயனடைந்தது மலைச்சரிவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு தோட்டம்.

பாரிஸில் இரண்டாமிடம் பெற்ற மூட்டோனின் உரிமையாளர் பாரோன் பிலிப் டு ரொத்ஷீல்ட் விரைவிலேயே கலிபோர்னியாவின் றொபர்ட் மொண்டாவியோடு கூட்டுச் சேர்ந்தார். அவர்களது 'ஓபஸ் வன்' வைனின் முதல் அறுவடை 1979. ஸ்பரியரைப் பிரெஞ்சு வைன் துறையினர் ஒரு வருட காலம் தமது சுவைப்புப் பயணங்களிலிருந்து விலக்கி வைத்ததாகச் சொல்வர். அவர் 2021 மார்ச் மாதத்தில் காலமானார். வினியார்ஸ்கி 2024 ஜூனில் மறைந்தார். 1976இல் வென்ற வெள்ளை, சிவப்பு வைன்களின் போத்தல்கள் வொஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன.

டேபர் பின்னர் அந்த நாளைப் பற்றி முழு நூலொன்றை எழுதி 2005இல் வெளியிட்டார். அந்நூலுக்கு ஆதாரமாக அவர் கையில் இருந்தது, வேறெந்தப் பத்திரிகையாளரிடமும் இல்லாத ஒரு பழைய குறிப்புப் புத்தகம். முடிவு தெரிந்த விடயம் என்று மற்றவர்கள் வீட்டிலிருந்த பிற்பகலில் அவர் போயிருந்தார். அவ்வளவுதான்.